இருபத்து மூன்று சுண்ணாம்புப் பொட்டுகள்

1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி, திங்கட்கிழமை. அன்று சந்திரமதிக்கு வயது முப்பத்தொன்று, உயரம் நாலடி பத்தங்குலம். வயதை மறந்தாலும் பரவாயில்லை. உயரத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலாக்காவில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் காண்ட்ராக்டர் நல்லையாவின் கும்பலில் பதினோரு பேர். அதில் மூன்று பெண்கள். இரண்டு பேர் மண் சுமந்தார்கள். சந்திரமதி காது கொடுத்தாள். விளையாட்டுப் பேச்சில்லை, அவள் வேலையே அதுதான். நாலடி நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழைக் காதோடு அழுத்திக் கேட்பாள். மண்ணுக்குள் குழாய் கசிந்தால் அதில் ஓர் இரைச்சல் வரும். மற்றவர்கள் காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். சந்திரமதி மட்டும் இது கசிவு, இது அடைப்பு, இது யாரோ வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்வாள்.

செங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். கணவன் ராஜரத்தினம் கிம்மாஸ் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தான். மாதம் இரண்டு தடவை வருவான். கஜா பெராங்கில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்த சந்திரமதி கும்பலில் சேர்ந்து ஆறு வருடமாகிறது. முதல் வருடம் அவளும் மண்தான் சுமந்தாள். ஒருநாள் கும்பலின் மேஸ்திரியான மண்டோர் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெற்றிலை போடப் போனார். அவள் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் தோண்டச் சொன்ன இடத்தில் கசிவு இல்லை, இரண்டடி தள்ளி இருக்கிறது என்றாள். இரண்டடி தள்ளித்தான் இருந்தது. கம்பி அவளிடமே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு மண்டோர் ஓய்வு பெற்றார், கும்பலுக்கு வேறு மண்டோர் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நல்லையா தன் ஆஸ்டின் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். அதற்குள் இருந்தது ராணுவம் கண்ணிவெடி தேடப் பயன்படுத்திய மெஷின். சிங்கப்பூரில் ராணுவச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியது. நீண்ட கம்பு, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டத் தட்டு, முதுகில் மாட்டிக்கொள்ள பேட்டரிப் பை, திருகுவதற்கு இரண்டு குமிழ்கள், தலையில் மாட்ட காதுக்கருவி. தட்டுக்கு அடியில் உலோகம் இருந்தால் காதில் ஊளைச் சத்தம் எழும். உலோகம் நெருங்க நெருங்க ஊளை உயரும். கும்பல் அதற்கு அன்றே பேர் வைத்துவிட்டது: குவாலி. பார்த்தால் கம்பில் கட்டிய வாணலி மாதிரியேதான் இருந்தது.

அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை சின்னது. கம்போங் செட்டிக்குள் போகும் சந்துக்கு அடியில் ஒரு வால்வு இருந்தது. சந்து முழுவதற்கும் தண்ணீரை நிறுத்துவதும் விடுவதும் அந்த ஒரு வால்வுதான். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு தடவையும், வெள்ளம் வந்த வருடம் ஒரு தடவையும் சந்தில் மண் கொட்டி உயர்த்தினார்கள். வால்வின் இரும்பு மூடி அதற்குக் கீழே போய்விட்டது. வரைபடம் போரோடு போயிற்று. இப்போது மாதக் கடைசியில் வரும் மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முன்னால் சந்துக்குத் தார் போட வேண்டும். தார் லோரி 19ஆம் தேதி, அடுத்த திங்கட்கிழமை வருகிறது. அதற்குள் மூடியைக் கண்டுபிடித்துச் சாலை மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். முடியாவிட்டால் வேறு காண்ட்ராக்டரைப் பார்த்துக்கொள்வதாக முனிசிபல் என்ஜினியர் சொல்லிவிட்டார்.

நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். கணக்காகப் பேசுகிறவர். அவர் சந்திரமதியைத் தனியாக அழைத்துச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இஞ்ச பார் பிள்ளை, இனிமேல் இந்த மெஷினைப் பிடிக்கிற ஆளுக்குத்தான் வேலை. கம்பிக்கெண்டு தனியா ஒரு ஆள் வைச்சிருக்க என்னால ஏலாது. நீ பழகினா நீ. இல்லாட்டி தம்பிராஜா."

"மண் சுமக்க எடம் இருக்கா, முதலாளி?"

"அதுக்கும் ஆள் கூடிப்போச்சு."

ஆக, விஷயம் இவ்வளவுதான்: ஒரு வாரத்துக்குள் குவாலி அவளுக்கு வழிவிட வேண்டும், இல்லையென்றால் ஆறு வருட வேலை கையைவிட்டுப் போகும். சந்திரமதி அதற்காக முகம் வாடவில்லை. காதில் வரும் சத்தம்தானே, என்று நினைத்துக்கொண்டாள். மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீரே அவளிடம் பேசியிருக்கிறது. இரும்பு பேசாமலா போய்விடும்.

முதல் நாள் மெஷின் கும்பலில் குழி வெட்டும் தம்பிராஜாவின் கைக்குப் போயிற்று. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவானவன், பளு அவனுக்குப் பொருட்டில்லை. மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நல்லையா படித்துப் பொருள் சொன்னார். அதில் முக்கியமாக ஒன்று இருந்தது: மெஷின் பிடிப்பவர் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. ஆணி அடித்த பூட்ஸைத் தம்பிராஜா கழற்றினான். பெல்ட்டைக் கழற்றினான். சாவிக்கொத்தையும் கழுத்தில் இருந்த முருகன் டாலரையும் நல்லையாவிடம் கொடுத்தான். பிறகு குவாலியை வீசிக்கொண்டு சந்தில் நடந்தான்.

குவாலி கத்தியது. தம்பிராஜா எட்டு இடத்தில் சுண்ணாம்பால் பொட்டு வைத்தான். மூன்றைத் தோண்டினார்கள். மூன்றிலும் சிவப்புக் கல். மீதி ஐந்துக்கு மேல் திரும்பவும் வீசிப் பார்த்தபோது நான்கில் சத்தமே இல்லை, ஐந்தாவதிலும் தோண்டினால் கல்தான். எட்டுப் பொட்டையும் தேய்த்து அழித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சந்திரமதியின் முறை. கொண்டை ஊசியை எடுத்தாள், ரவிக்கை ஊக்கை எடுத்து நூலால் முடிச்சுப் போட்டாள். கையில் கண்ணாடி வளையல்தான், அது இருக்கலாம். தாலியைப் பற்றிப் பேச நல்லையாவுக்கு வாய் வரவில்லை. அவர் தொண்டையைக் கனைப்பதைப் பார்த்துவிட்டு அவளே தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். காதுக்கருவியை மாட்டி, குமிழ்களைத் திருகி, சத்தம் அடங்கும் வரை நின்று பார்த்தாள். தாலி இருந்தும் மெஷின் சும்மா இருந்தது. "இவ்வளவு தூரத்துக்கு இது எட்டாது" என்றாள். எல்லோருக்கும் நிம்மதி. வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினாள்.

அவள் கையில் குவாலி இன்னும் அதிகமாகக் கத்தியது. தம்பிராஜாவுக்கு எட்டு என்றால் அவளுக்கு இருபத்து மூன்று. மாலையில் நல்லையா அந்த எண்ணிக்கையைத் தன் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டார். புதன்கிழமை காலையில் ஐந்து பொட்டுகளைத் தோண்டினார்கள். சிவப்புக் கல்கூட இல்லை, வெறும் மண். மீதியின் மேல் தம்பிராஜா வீசிப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. அவள் கையில் கத்துகிற மெஷின் அவன் கையில் ஊமையாக இருந்தது.

"அக்கா, குவாலிக்கு ஒங்கள பாத்தா பயம் போல லா" என்றான் தம்பிராஜா. "நீங்க நடந்தா அது அழுவுது."

"எம் புருஷனும் அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள் சந்திரமதி.

கும்பல் சிரித்தது. நல்லையா சிரிக்கவில்லை. சந்திரமதியும் உள்ளுக்குள் சிரிக்கவில்லை. ஆனால் அவளைப் பிடித்து ஆட்டிய கேள்வி வேறு. கம்பியில் கேட்கும் கசிவு ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. இன்று கசிந்த இடம் நாளையும் கசியும். எந்தக் காதை வைத்தாலும் கசியும். ஒரே இடம் ஒருத்திக்கு இரும்பாகவும் இன்னொருவனுக்கு வெறும் மண்ணாகவும் இருக்க முடியாது. அப்படியானால் சத்தம் மண்ணிலிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்து வருகிறது?

யோசித்துக்கொண்டே இன்னொன்றையும் கவனித்தாள். நின்றால் குவாலி அமைதியாக இருந்தது. நடந்தால் கத்தியது. அதுவும் ஓர் அடி விட்டு ஓர் அடிக்குக் கத்தியது.

விடை மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அவள் தேடாமலே வந்தது. மற்றவர்கள் மாமர நிழலில் இருந்தார்கள். அவள் சந்து ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து மெஷினைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். பேட்டரியை நிறுத்தவில்லை, காதுக்கருவி கழுத்தில் தொங்கியது. இடது பாதத்தில் ஏதோ குத்தியதுபோல் இருக்கவே காலை மடக்கி இழுத்தாள். கழுத்தில் ஊளை எழுந்தது. காலை நீட்டினாள், ஊளை அடங்கியது. மறுபடி இழுத்தாள், மறுபடி ஊளை.

குனிந்து பாதத்தைப் பார்த்தாள். இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி.

கல்யாணமான நாளிலிருந்து பதிமூன்று வருடமாக அந்த விரலில் இருக்கிறது. வலது காலில் இருந்த அதன் ஜோடி எப்போதோ உடைந்து போய்விட்டது. சாவி, ஊசி, ஊக்கு, தாலி வரைக்கும் எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். மெட்டி ஒருவர் நினைப்புக்கும் வரவில்லை, அவள் நினைப்புக்கும் வரவில்லை. கழற்றுகிற பொருள் என்று தோன்றினால்தானே நினைப்பு வரும்? அது விரலோடு விரலாகிப்போய் வெகு காலம் ஆயிற்று.

மற்றது தானாகவே விளங்கியது. தம்பிராஜா உயரமானவன். கம்பை நீட்டிப் பிடித்தால் தட்டு அவன் காலிலிருந்து வெகுதூரம் முன்னால் போய்விடும். நாலடி பத்தங்குலத்துக்காரிக்கு அந்தக் கம்பு நீளம், பளுவும் கூட. அவள் அதை நெட்டுக்குத்தாகப் பிடித்தாள். தட்டு கால் பக்கத்திலேயே அசைந்தது. குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்கும்போது காலை அசைக்காமல் நிற்பாள், மெட்டியும் சேர்த்தே அடங்கிவிடும். நடக்கும்போது இடது கால் முன்னால் வந்து தட்டை நெருங்கும். ஊளை வரும். அவள் பொட்டு வைப்பாள்.

விஷயத்தைக் கேட்டதும் தம்பிராஜா தரையில் உட்கார்ந்துவிட்டான். காலை முழுக்க அக்காவின் கால் விரலைத் தேடி அஞ்சு குழி வெட்டியிருக்கிறோமா என்று கேட்டு, சிரித்து முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. நல்லையா நெற்றியைத் தேய்த்தார். மெல்ல, சங்கடத்தோடு, வேலை நேரத்துக்கு மட்டும் மெட்டியைக் கழற்றி வைத்தால் என்ன என்று கேட்டார். மண் சுமக்கும் பெண்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிம்மாஸில் புருஷன் குத்துக்கல்லாக இருக்கும்போது அதை எப்படிக் கழற்றுவது?

சந்திரமதி கழற்ற மாட்டேன் என்றாள். அவள் சொன்ன காரணம் வேறு.

"முதலாளி, இந்த மெஷின் நாள்பூரா மாறுது. காலையில ஒரு சத்தம், வெயில் ஏறினா ஒரு சத்தம், பேட்டரி கொறஞ்சா ஒரு சத்தம். எது நெசம்னு ஒண்ணாவது எனக்கு நிச்சயமா தெரிய வேணாமா? வெரல்ல மெட்டி இருக்குறது நிச்சயம். தட்ட வெரல்கிட்ட கொண்டு போவேன். கத்தினா மெஷின் நல்லா இருக்கு. கத்தலன்னா மெஷின்லதான் கோளாறு, மண்ணுல இல்ல. அத கழட்டிட்டா நான் எத வச்சு பாக்குறது?"

நல்லையா யோசித்தார். "ஓம், அது சரிதான்" என்றார். பிறகு, "ஆனா நடக்கேக்க கத்துமே?"

"நடக்கும்போது கேட்டாதான கத்தும்."

அவள் செய்தது இதுதான். நடப்பதையும் கேட்பதையும் பிரித்தாள். ஓர் அடி வைப்பாள். இரண்டு கால்களையும் சேர்த்து நிற்பாள். கம்பை எட்டிப் பிடித்து இடமிருந்து வலமாக ஒரு வீச்சு, வலமிருந்து இடமாக ஒரு வீச்சு. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அடி. அந்த அடியில் வரும் சத்தத்தைச் சட்டை செய்வதில்லை. பத்தடிக்கு ஒரு தடவை தட்டை மெட்டிப் பக்கம் கொண்டுபோய்ச் சரிபார்ப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் கொக்கு மீன் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று தம்பிராஜா சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெட்டியின் சத்தம் விலகிய பிறகுதான் மற்றச் சத்தங்கள் தனித்தனியாகக் கேட்டன. வியாழக்கிழமை முழுவதும் அவள் வால்வைத் தேடவே இல்லை. நல்லையாவின் கிடங்கிலிருந்து பழைய வால்வு மூடி ஒன்றை வாங்கி வந்து, கிடங்கின் பின்பக்கம் ஒரு முழ ஆழத்தில் தம்பிராஜாவை விட்டுப் புதைக்கச் சொன்னாள். பக்கத்தில் ஒரு கூடை சிவப்புக் கல்லைக் குவித்தாள். இன்னோர் இடத்தில் பிடி துரு ஆணிகளை மண்ணுக்குள் அழுத்தினாள். மூன்றின் மேலும் மாற்றி மாற்றித் தட்டை வீசிக்கொண்டே இருந்தாள். வாரத்தில் நான்கு நாள் போய்விட்டதே என்று நல்லையா மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

மாலைக்குள் அவளுக்கு வித்தியாசம் பிடிபட்டுவிட்டது. மலாக்காவின் சிவப்புக் கல்லில் இரும்புச் சத்து ஊறியிருக்கிறது, அதனால் அதுவும் கத்தும். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் கரை கிடையாது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. தட்டு கொஞ்சம் சாய்ந்தால் கூடும், நிமிர்ந்தால் குறையும். ஆணியின் சத்தம் கூர்மையானது, ஆனால் தட்டை ஒரு சாண் உயர்த்தினால் போய்விடும். மூடியின் சத்தம் அப்படியில்லை. வடக்கு தெற்காக வீசினாலும் கிழக்கு மேற்காக வீசினாலும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும். ஒரு சாண் உயர்த்தினால் தணியும், ஆனால் போகாது.

தம்பிராஜா ஏன் ஏமாந்தான் என்பதும் அப்போது தெரிந்தது. அவன் தட்டு தரையிலிருந்து முக்கால் முழம் மேலே மிதந்தது, நடக்க நடக்கச் சாய்ந்தது. மேலாகக் கிடந்த கல்லுக்கெல்லாம் கத்தியது. ஆழத்தில் கிடக்கும் மூடிக்கு எட்டவேயில்லை. அவள் கையைக் கீழே இறக்கச் சொன்னதும் அவன் இறக்கிப் பார்த்தான், மூடி கேட்டது. "கொஞ்சம் குள்ளமா பொறந்திருக்கலாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை சந்துக்குத் திரும்பினாள். தோண்டிய ஐந்து போக மீதிப் பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஓர் அடி, இரண்டு வீச்சு, குறுக்கே இரண்டு வீச்சு, ஒரு சாண் உயரம். எல்லாம் பொய். ஒன்றன்பின் ஒன்றாகக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே போனாள். சந்தின் கடைசிக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. மெட்டியில் தட்டை வைத்துப் பார்த்தாள், மெஷின் நன்றாகவே இருந்தது.

"முதலாளி, செவ்வாக்கெழம எத்தன எழுதுனீங்க?"

நல்லையா நோட்டைப் புரட்டினார். இருபத்து மூன்று.

அவள் எண்ணிப் பார்த்தது தோண்டிய ஐந்தையும் சேர்த்து இருபத்திரண்டு. சுண்ணாம்பு தானாக எழுந்து போகாது. அந்த வாரம் மழையும் இல்லை. அவள் சந்தைத் திரும்ப நடந்து, செவ்வாய்க்கிழமை எங்கெங்கே நின்றோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு வந்தாள். பாதிச் சந்தில் ஒரு வீட்டு வாசல் கதவுக்கு முன்னால் மெஷினைத் திருப்பிக்கொள்ள நின்றது ஞாபகம் வந்தது. அந்த இடம் மட்டும் ஒரு தூசி இல்லாமல், ஈரமாக, துடைத்து வைத்தது போல் இருந்தது.

அது தெய்வானையின் வீடு. செட்டி சமூகத்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றியில் திருநீறு வைத்திருந்தாள். கும்பிடுவது பிள்ளையாரை, பேசுவது மலாய். சந்திரமதி தனக்குத் தெரிந்த பசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், விசாரித்தாள். ஆமாம், வெள்ளைப் பொட்டு ஒன்று இருந்தது, கழுவிவிட்டேன் என்று தெய்வானை தயங்காமல் சொன்னாள். நாளைக்கு அவர்கள் வீட்டில் பார்ச்சு. இறந்துபோன முன்னோருக்குப் பழமும் பலகாரமும் படைக்கும் நாள். அவர்கள் வருகிற வாசலில் யாரோ எதையோ பூசிவிட்டுப் போனால் சும்மா இருக்க முடியுமா? போருக்கு முன்னால் தன் வேலி இன்னும் நாலடி உள்ளே இருந்தது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

வேலி உள்ளே இருந்தது என்றால் பழைய சந்து அந்த வாசலை ஒட்டியே போயிருக்க வேண்டும்.

சந்திரமதி கால்களைச் சேர்த்து நின்று வீசினாள். ஊளை. குறுக்கே வீசினாள். அதே இடத்தில் ஊளை, அதே இடத்தில் முடிவு. ஒரு சாண் உயர்த்தினாள். தணிந்தது, போகவில்லை. நான்கு தடவை செய்தாள், நான்கு தடவையும் மாறவில்லை. செவ்வாய்க்கிழமை மெட்டி இருபத்திரண்டு பொய் சொன்னபோது இது ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. எல்லாம் மெட்டிதான் என்று ஒரேயடியாகத் தள்ளியிருந்தால் இதுவும் அதோடு போயிருக்கும்.

தோண்டுவதற்குத் தெய்வானையின் சம்மதம் வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மூடிவிட வேண்டும் என்றாள். சாயங்காலம் படையல். வாசலில் குழி இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு குழிதான், இரண்டாவது கிடையாது. சொல்லிவிட்டு அவள் சந்திரமதியை நேராகப் பார்த்தாள்.

"தெந்து கா?" நிச்சயம்தானா?

"தெந்து" என்றாள் சந்திரமதி.

நல்லையா மனக்கணக்குப் போட்டார். ஒரே குழி. தவறினால் திங்கட்கிழமை தார் விழுந்துவிடும், காண்ட்ராக்ட் போய்விடும். இன்னொரு தடவை பார்க்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டுமானால் பார்க்கலாம், ஆனால் சத்தம் மாறாது என்று அவள் பதில் சொன்னாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தம்பிராஜா மண்வெட்டியைப் போட்டான். சந்துக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். முக்கால் அடியில் மண்வெட்டி எதன் மேலோ இடித்தது. தம்பிராஜா கையை விட்டு எடுத்தான். துருப்பிடித்து மடங்கிய பிஸ்கட் டின். யாரோ சிரித்தார்கள். நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போச்சு போ" என்றான் தம்பிராஜா. கேலியாகச் சொல்லவில்லை.

சந்திரமதி டின்னை வாங்கிப் பத்தடி தள்ளி வைக்கச் சொன்னாள். தட்டை மெட்டியில் வைத்துப் பார்த்தாள், கத்தியது. பிறகு குழிக்கு மேல் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"டின் போனாலும் சத்தம் போகல. முன்னவிட ஒசந்திருக்கு. வெட்டு தம்பி."

"அக்கா..."

"வெட்டு லா. டின்னுக்குக் கரை கோணலா இருக்கும். இது வட்டமா இருக்கு, எனக்குக் கேக்குது."

இன்னும் ஒரு சாண் போனதும் மண்வெட்டி மணியடித்ததுபோல் ஒலித்தது. தம்பிராஜா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணை ஒதுக்கினான். வட்டமான இரும்பு மூடி. நடுவில் தூக்குவதற்கு வளையம்.

நெம்பித் திறந்தார்கள். உள்ளே வால்வு துரு ஏறி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் ஊறவிட்டு, நல்லையாவின் நீண்ட சாவியைப் பொருத்தி, தம்பிராஜாவும் இன்னொருவனும் சேர்ந்து திருகினார்கள். முதல் முயற்சியில் அசையவில்லை. இரண்டாவது முயற்சியில் முனகிக்கொண்டு திரும்பியது. பதினோரு சுற்று. அவர்கள் திருகிக்கொண்டிருக்கும்போதே, சரியான வால்வுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று நல்லையா கேட்டார். சந்திரமதி தன் பழைய கம்பியைக் குழாயின் மேல் ஊன்றிக் காதில் வைத்தாள். அடியில் இரைச்சல் மெலிந்து, மெலிந்து, நின்றது. அவள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வேறோர் ஆள் சொல்லிவிட்டார். சந்தின் முனையில் இருந்த தெருக்குழாயடியிலிருந்து அப்பாசாமி என்ற பெரியவர் இடுப்பில் துண்டும் தலை முழுக்கச் சோப்பு நுரையுமாக, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு வந்தார்.

"எவன்டா தண்ணிய நிறுத்துனது?"

நல்லையா அப்போதுதான் சிரித்தார். ஒரு வாரத்தில் அதுதான் முதல் தடவை. வால்வைத் திரும்பவும் பதினோரு சுற்றுத் திறக்கச் சொன்னார். பிறகு சந்திரமதியைப் பார்த்து, அந்தக் கம்பியையும் குவாலிப் பெட்டியிலேயே வைத்துக்கொள், இரண்டும் ஓராளிடம் இருக்கட்டும் என்றார்.

மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்திச் செங்கல் கட்டி, வாசலைக் கெட்டித்துப் பெருக்கி முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். தெய்வானை வந்து பார்த்தாள். மூடியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் தெளித்தாள். சந்திரமதியின் கையில் மங்குஸ்தான் பழங்கள் கட்டிய ஒரு கொத்தைக் கொடுத்தாள். படையலுக்கு வைத்தது போக மீதி என்று சொன்னாள். பிறகு குனிந்து அவள் கால் விரலைப் பார்த்துவிட்டு எழுந்தாள். சந்தில் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ராஜரத்தினம் கிம்மாஸிலிருந்து வந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, மெட்டியைத் தேடி அஞ்சு குழி வெட்டினார்களாமே, அது எந்த ஊரில் என்பது. தம்பிராஜாவுக்கு ரயிலில் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார்.

அதற்கு முன்பே, 19ஆம் தேதி காலை ஏழு மணிக்குத் தார் லோரி வந்திருந்தது. சந்திரமதி அதைப் பார்க்க நிற்கவில்லை. கும்பல் அன்றே புக்கிட் காதிலுக்குப் புறப்பட்டது. நல்லையாவின் பட்டியலில் இன்னும் ஒன்பது வால்வுகள் இருந்தன.